ஆழ்வாப்பிள்ளையின் கறுப்புத் தண்ணி

‘ஆ’ துண்டு செழித்துவிட்டது. நடந்திருக்கக் கூடாத காரியம்.

விவசாயப் போதனாசிரியர் ஆழ்வாப்பிள்ளை கிணற்றடிச் சீமெந்தில் நின்றபடி, வெள்ளை முழுக்கைச் சட்டையில் எதுவும் பட்டுவிடாதபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டத்தில் தெரிந்த ‘ஆ’ துண்டைத் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அங்கே மிளகாய்க் கன்றுகள் கரும்பச்சையாய் நின்றன. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. கிணற்றை ஒட்டிக் கிடந்த ‘அ’ துண்டோ, செங்கமாரி பிடித்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதுபோல மஞ்சளாய் நின்றது.

மேற்படி இரண்டு துண்டுகளில் ஹியூமிக் அமிலம் ஊற்றப்பட்டது ‘அ’. ஒன்றுமே ஊற்றப்படாதது ‘ஆ’. மேலதிகாரிகள் இருக்கும் கந்தோருக்கும் அப்படித்தான் எழுதி அனுப்பியிருந்தார், மூன்று பிரதிகளில்.

“என்ன ஐயா, கனநேரமாப் பாக்கிறியள்? ‘ஆ’ நல்லா வந்திட்டுது என்ன?” என்று கேட்டாள் தோட்டக்காரி குணலட்சுமி.

“நல்லா வாறதெல்லாம் நல்லதில்லை அக்கா.”

“இதென்ன கதை? மிளகாய் காய்ச்சால் கூடாதோ?”

“எங்கை காய்க்குது எண்டதுதான் விஞ்ஞானம்” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

குணலட்சுமி தன் புருஷனைப் பார்த்தாள். சீவரத்தினம் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வாயில் சுருட்டோடு, முழங்கால் வரை சேற்றோடு நின்றார். அந்த மனிதர் கதைத்து ஆழ்வாப்பிள்ளை கேட்டதில்லை. எதற்கும் “ம்” என்பார். சுருட்டு விழுந்துவிடாமல் சொல்லக்கூடிய சொல் அது ஒன்றுதான்.

வட்டுக்கோட்டைப் பக்கம் யூரியாவைக் கண்ணால் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. போர்க்காலம்; அது வெடிமருந்துக்கு உறவு என்று சொல்லி ஆமி வரவிடாமல் மறித்துவிட்டது. மண்ணெண்ணெயும் அரிதாகி, கிடைக்கிற போத்தல் விளக்குக்கா இறைப்பு மெசினுக்கா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. அப்படியொரு காலத்தில்தான் ஆழ்வாப்பிள்ளை ஹியூமிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்பது அவருடைய சொல். உண்மையில் அது ஓர் ஆங்கிலச் சஞ்சிகையின் கிழிந்த தாளில் இருந்தது. தாளுக்குள் கச்சான் கடலை இருந்தது. கடலையைத் தின்றுவிட்டுத் தாளை வாசித்தார். அன்றிலிருந்து ஆள் வேறு ஆளாகிவிட்டார்.

“இலை, குழை, சாணி எல்லாம் வருசக் கணக்கா உக்கி உக்கிக் கடைசியா மிஞ்சிற கறுப்புச் சத்து இருக்கெல்லோ, அதுதான் ஹியூமிக் அமிலம்” என்று குணலட்சுமிக்கு வகுப்பெடுத்தார். “வெறும் தண்ணியிலை லேசிலை கரையாது. காரத் தண்ணி விட்டால் கரைஞ்சு வரும். புளி விட்டால் திரும்பத் திரண்டு அடியிலை படியும். எங்கடை மண் சுண்ணாம்பு மண். உதுக்குள்ளை இரும்பு இருந்தும் இல்லாத மாதிரி. அதாலைதான் இலை மஞ்சளடிக்குது. இந்த அமிலம் இரும்பைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் வேரிட்டைக் குடுக்கும்.”

“எருவிலை இருக்கிற சத்தை எடுத்து மண்ணுக்கு ஊத்தப் போறியள்.”

“ஓம்.”

“அப்ப எருவை அப்பிடியே போட்டால் என்ன?”

ஆழ்வாப்பிள்ளை குடையை விரித்தார்.

காரத்துக்கு வேண்டிய கோஸ்ரிக் சோடாவுக்கும் தடை. ஆகவே தென்னம் பொச்சுமட்டையை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காரம் எடுப்பது என்று தீர்மானித்தார். எரித்தது குணலட்சுமி. உக்கிய எரு வேண்டும் என்றார். குணலட்சுமியின் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், அவள் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து சேர்த்த எருக்கும்பி இருந்தது. மேலே கிடப்பது பச்சை, அடியில் கிடப்பதுதான் பழசு என்று சொல்லி அடியிலிருந்து தோண்டச் செய்தார். தோண்டியது சீவரத்தினம். கும்பி ஒரு பக்கமாய்ச் சரிந்து மாட்டுக்கொட்டிலின் கிடுகுச் சுவரைத் தள்ளிக்கொண்டு போனது.

எருவையும் சாம்பல் தண்ணீரையும் பீப்பாவில் போட்டுக் கலக்கி நிழலில் வைக்க வேண்டுமாம். வளவிலேயே நல்ல நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். குண்டுவீச்சுக்கு ஒளிக்க வெட்டிய பங்கருக்குள் இருந்தது. வைத்தார்.

அடுத்த கிழமை ஹெலி வந்து வட்டமடித்தபோது புருஷனும் பெண்சாதியும் வெள்ளாடும் அந்தப் பீப்பாவோடு பங்கருக்குள் குந்தியிருந்தார்கள். ஹெலி போக முன்னமே குணலட்சுமி வெளியே வந்துவிட்டாள்.

“வெடிபட்டுச் செத்தாலும் பரவாயில்லை, உந்த நாத்தத்திலை சாக என்னாலை ஏலாது” என்றாள்.

பீப்பாவில் இருந்ததைப் பழைய சாரத் துணியில் வடித்தபோது கறுப்பாய், தேன்போலத் தடித்த ஒரு தண்ணீர் வந்தது. ஆழ்வாப்பிள்ளை அதில் கொஞ்சத்தைக் கிளாசில் எடுத்துத் தேசிக்காய் பிழிந்தார். கறுப்பு, பால் திரைவதுபோலத் திரைந்து, தும்பு தும்பாய் அடியில் இறங்கியது.

“ஹியூமிக் அமிலம்!” என்று கத்தினார்.

“நல்ல தேசிக்காய் ஐயா அது. சர்பத்துக்கு வைச்சிருந்தனான்” என்றாள் குணலட்சுமி.

ஆழ்வாப்பிள்ளைக்கு இதனால் என்ன ஆகவேண்டியிருந்தது என்றால், கந்தோரின் மேல்மாடியில் ஒரு கதிரை காலியாயிருந்தது. அதில் இருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அந்தக் கதிரைக்கு நேர்மேலே ஒரு மின்விசிறி தொங்கியது. மின்சாரம் நின்ற நாளிலிருந்து அது சுற்றவில்லை. அதில் குருவி கூடு கட்டியிருந்தது. ஆனாலும் வெயிலில் சைக்கிள் மிதித்துத் திரிகிற ஒரு போதனாசிரியருக்குச் சுற்றாத விசிறிக்குக் கீழே இருப்பதும் ஒரு தரம்தான். ஆழ்வாப்பிள்ளை அந்தக் கதிரையின் அகலத்தை அளந்து இலவம்பஞ்சில் மெத்தை ஒன்று தைப்பித்து வீட்டில் வைத்திருந்தார்.

கதிரைக்கு இன்னொருவரும் கண் வைத்திருந்தார். குருநகரைச் சேர்ந்த செபநாயகம். கரையில் ஒதுங்குகிற சாதாளைப் பாசியை அள்ளித் தோட்டத்துக்குப் போட்டால் போதும், உரமே வேண்டாம் என்பது அவருடைய கட்சி. ஆழ்வாப்பிள்ளையை விட வயதில் இளையவர். மரியாதையில் குறைவைக்காமல் காலை வாருவதில் கெட்டிக்காரர். பணிப்பாளர் நமசிவாயம் இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்:

“ஆழ்வாப்பிள்ளை, துண்டுகளைச் சனத்துக்குக் காட்டிற உம்முடைய வயல்விழாவை நான் வந்து பாப்பன். ஊத்தின துண்டு செழிச்சிருந்தால் கதிரை உமக்கு. இல்லாட்டிச் செபநாயகத்துக்கு. எனக்கு மண்டை காயுது, கெதியா முடியுங்கோ.”

பரிசோதனையின் முறையும் எளிதானதுதான். இறைப்பு நாளில் மெசின் தொடங்கியதும் ஆழ்வாப்பிள்ளை வந்து, கிணற்றடித் தொட்டியில் பிளாஸ்ரிக் கானிலிருந்து கறுப்புத் தண்ணீரை ஊற்றுவார். முதலில் பாயும் கறுப்புத் தண்ணீர் கிட்ட இருக்கும் ‘அ’வுக்கு, அது ஓடி முடிந்தபின் பாயும் வெறும் தண்ணீர் எட்ட இருக்கும் ‘ஆ’வுக்கு. துண்டுகளின் தலைமாட்டில் ‘அ’, ‘ஆ’ என்று எழுத்து மட்டும் போட்ட பலகைகளை நாட்டுவித்தார். எது என்ன என்று தோட்டக்காரருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் பரிசோதனை பழுதாகிவிடும்.

“நீங்கள் ஒண்டையும் மாத்தக் கூடாது. வழக்கமா எப்பிடி மடை வெட்டித் தண்ணி மாறுறியளோ, அப்பிடியே பாத்தி பாத்தியா மாறுங்கோ. உங்கடை மூளையைப் பாவிக்கப்படாது” என்று சீவரத்தினத்திடம் கட்டளையாகச் சொன்னார்.

“ம்” என்றார் சீவரத்தினம்.

தொட்டியிலிருந்து புறப்பட்ட கறுப்பு, வாய்க்கால் வழியே போய் வாழை வரிசைக்குப் பின்னால் மறைவது வரைக்கும் ஆழ்வாப்பிள்ளை பார்ப்பார். அதற்கு மேல் போய்ப் பார்ப்பதென்றால் சேற்றில் இறங்க வேண்டும். காலில் கறுப்புச் சப்பாத்து. மெசின் புகை வேறு சட்டையில் அடிக்கும். சைக்கிளில் ஏறிவிடுவார்.

இப்படியாக எல்லாம் ஒழுங்காக நடந்து, ‘ஆ’ செழித்துவிட்டது.

முதலில் ஆழ்வாப்பிள்ளை, அளவு காணாது என்று முடிவெடுத்தார். ஒரு போத்தல் ஊற்றிய இடத்தில் இரண்டு போத்தல் ஊற்றினார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து பார்த்தார். ‘அ’வில் மாற்றமில்லை. ‘ஆ’ பூத்திருந்தது.

“அக்கா, அந்தத் துண்டுக்குக் களவா ஏதும் போடுறியளோ?”

“என்னத்தைப் போட? இருந்த எருவையும் நீங்கள் கரைச்சிட்டியள்.”

ஆழ்வாப்பிள்ளை கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கண்கள் பிரகாசித்தன. தண்ணீர் சவர்! சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருகிற தண்ணீர். அதிலுள்ள கல்சியம், ஹியூமிக் அமிலத்தை வழியிலேயே பிடித்துத் திரைய வைக்கிறது. ‘அ’வுக்குப் போய்ச் சேர விடுவதில்லை. அந்தக் கடலைத் தாளிலும் அப்படியொரு வரி இருந்தது. அவர் உடனே இரண்டு காரியம் செய்தார். பொச்சுமட்டைச் சாம்பலைக் கூட்டிக் கறுப்புத் தண்ணீரை இன்னும் தடிப்பாக்கினார். அதைக் கலக்குவதற்கு, குணலட்சுமி தலைமுழுகவென்று பானையில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரை எடுத்துக்கொண்டார்.

“ஐயா, அது என்ரை மழைத்தண்ணி!”

“நாட்டுக்குத்தானே அக்கா.”

“நாடு தலைமுழுகுதோ?”

அடுத்த முறை வந்தபோது ‘ஆ’வில் பிஞ்சு பிடித்திருந்தது. கிணற்றடியில் குணலட்சுமி ‘அ’ துண்டுக்கு வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். மெசின் சத்தமில்லாமல் நின்றது.

“ஏன் வாளியாலை ஊத்திறியள்?”

“மண்ணெண்ணெய் முடிஞ்சு மெசின் நிண்டிட்டுது ஐயா. இண்டைக்கு மட்டுமோ, எப்பவும் உதுதானே சீவியம்.”

“சிக்கனமாப் பாவிக்க வேணும். திட்டமிடல் இல்லை, அதுதான் எங்கடை சனத்தின்ரை குறை” என்றார் ஆழ்வாப்பிள்ளை. வாளியைப் பற்றி அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. கண் முழுக்க ‘ஆ’விலேயே இருந்தது.

‘அ’வை உயர்த்த முடியாவிட்டால் ‘ஆ’வைத் தாழ்த்த வேண்டும். இது எந்தச் சஞ்சிகையிலும் இல்லை; கந்தோரில் பழகியது. குணலட்சுமி குசினிக்குள் போன நேரம் பார்த்து அவளுடைய வெள்ளாட்டை அவிழ்த்து, கயிற்றைப் பிடித்து வரம்பால் கூட்டிக்கொண்டு போய் ‘ஆ’வின் அருகில் விட்டார். ஆடு ‘ஆ’வின் முதற்செடியை மணந்தது. தும்மியது. பிறகு ஆழ்வாப்பிள்ளையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய் ‘அ’வின் மூலையை நின்று நிதானமாய் மேய்ந்தது.

“ஐயோ, ஆரடா ஆட்டை அவிட்டது?” என்று குணலட்சுமி ஓடி வந்தாள்.

“நான் பிடிச்சுத்தான் கொண்டு வாறன் அக்கா” என்றார் ஆழ்வாப்பிள்ளை, கயிறில்லாத கையோடு.

வயல்விழாவுக்கு முதல்நாள் பின்னேரம். புருஷனும் பெண்சாதியும் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை தன் உத்தியோக வாழ்க்கையில் முதற்தடவையாகத் தோட்டத்துக்குள் இறங்கினார். ஒரு சப்பாத்து சேற்றில் புதைந்தது. அதைப் பிடுங்க, மற்றது புதைந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போய், ‘அ’ பலகையைப் பிடுங்கிக் கரும்பச்சைத் துண்டில் நாட்டினார். ‘ஆ’ பலகையை மஞ்சள் துண்டில் நாட்டினார். கந்தோருக்கு எழுதியதை மாற்ற முடியாது. பலகையை மாற்றலாம். நிமிர்ந்து பார்த்தபோது எல்லாம் மிக ஒழுங்காகத் தெரிந்தது. இதை முதலே செய்திருந்தால் எவ்வளவு எரு மிச்சம் என்று தோன்றியது.

விடிந்ததும் குணலட்சுமி கண்டுவிட்டாள்.

“ஐயா, பலகையள் நடந்திருக்குப் போலை.”

“ராத்திரிக் காத்து அக்கா.”

“காத்து ரெண்டையும் பிடுங்கி மாறி நட்டதோ? நல்ல வேலைக்காரக் காத்து.”

“விழா முடியட்டும். நான் விளக்கமாச் சொல்லுறன்.”

“எனக்கென்ன. மிளகாய் எழுத்துப் பாத்தே காய்க்குது?” என்று சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணிக்கு உலை வைக்கப் போனாள்.

பணிப்பாளர் நமசிவாயம் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளில், ஊர் முழுக்கப் புகையடித்துக்கொண்டு வந்து இறங்கினார். பின்னுக்கு இருந்து வந்தவர் செபநாயகம். அயல் தோட்டக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் நின்றார்கள். சீவரத்தினம் சுருட்டோடும் மண்வெட்டியோடும் ஒரு பக்கமாய் நின்றார்.

“‘அ’ எண்டது அமிலம் ஊத்தினது. ‘ஆ’ எண்டது ஊத்தாதது. எல்லாரும் வடிவாப் பாருங்கோ!” என்று ஆழ்வாப்பிள்ளை முழங்கினார்.

எல்லாரும் வடிவாகப் பார்த்தார்கள். வேலியோரம் முணுமுணுப்பு எழுந்தது. சீவரத்தினம் தலையை ஆட்டினார்.

“ஐசே, உண்மையாவே வித்தியாசம் கிடக்கு!” என்றார் பணிப்பாளர். மஞ்சள் துண்டின் மூலையைக் குனிந்து பார்த்தார். “இதை மட்டும் ஏன் ஆடு கடிச்சிருக்கு?”

“அதுதான் ஐயா இன்னொரு நன்மை! ஹியூமிக் ஊத்தின செடியை ஆடு அண்டாது” என்றார் ஆழ்வாப்பிள்ளை. பொய் இவ்வளவு சுலபமாய் வருமென்று அவர் நினைத்திருக்கவில்லை.

“இலை நல்ல பச்சையாக் கிடக்கு.”

“இரும்பை வேரிட்டைக் கொண்டுபோய்க் குடுக்குது ஐயா.”

“சவர்த் தண்ணியிலை இது திரையுமெல்லே?”

“காரத்தைக் கூட்டி, மழைத் தண்ணியிலை கலந்து சமாளிச்சனான் ஐயா.”

செபநாயகம் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ‘ஆ’ பலகைக்குப் பக்கத்தில் நின்று, புதுமண்ணைக் காலால் தட்டினார்.

“அண்ணை, பலகையை இப்பதான் நட்ட மாதிரிக் கிடக்கு.”

“விழாவுக்கு நிமித்தி நட்டது தம்பி. உமக்குப் பாசியிலை மட்டும்தானே நாட்டம், பலகையிலையும் தொடங்கிட்டுதோ?”

கூட்டம் சிரித்தது. பணிப்பாளரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஆழ்வாப்பிள்ளை கதிரையையும் மெத்தையையும் விசிறியையும், விசிறியிலிருந்த குருவிக் கூட்டையும்கூடக் கண்டார்.

“சரி ஆழ்வாப்பிள்ளை, சொன்ன சொல் சொன்னதுதான்” என்றார் பணிப்பாளர். “திங்கட்கிழமை மேலை வாரும். அதுக்கு முதல் எனக்கொரு உதவி செய்யும். உந்தக் கானிலை மிச்சம் இருக்குத்தானே? அதைத் தாரும். என்ரை முந்திரிகைக் கொடிக்கு இண்டைக்கே முழுக்க ஊத்தப் போறன்.”

ஆழ்வாப்பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்றது.

பணிப்பாளரின் முந்திரிகைப் பந்தலைத் தெரியாதவர் கந்தோரில் இல்லை. திராட்சைக் குலை ஒவ்வொன்றுக்கும் பழந்துணியில் பை தைத்துக் கட்டியிருப்பார். பெண்சாதிக்குக் காய்ச்சல் என்றால் கந்தோருக்கு வருவார். கொடியில் பூச்சி என்றால் லீவு போடுவார். அந்தக் கொடிக்குக் கறுப்புத் தண்ணீர் போய்ச் சேர்ந்து, அது ‘அ’ துண்டைப்போல மஞ்சளடித்தால்? கதிரை என்ன, சைக்கிளும் போகும்.

“ஐயா... முந்திரிகைக்கு இது அவ்வளவு பிடிக்காது.”

“ஏன்?”

“கொஞ்சம் சூடு.”

“மிளகாய்க்குச் சூடில்லையோ?”

“மிளகாய் பழகிட்டுது ஐயா.”

“என்ரை கொடியும் பழகட்டும்.”

“இது... பழசாப் போச்சு ஐயா. புதுசா வடிச்சுத் தாறன்.”

“உக்கின சாமான் பழசாப் போகுமோ? என்ன ஐசே கதைக்கிறீர்?”

“ஐயா, குடுங்கோ, நான் மடியிலை வைச்சுக்கொண்டு வாறன்” என்று செபநாயகம் கானைத் தூக்கிவிட்டார். “ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்து, நானே நிண்டு ஊத்தித் தாறன். அண்ணையின்ரை புகழ் உங்கடை வளவிலையும் காய்க்கட்டும்.”

ஆழ்வாப்பிள்ளை கானை எட்டிப் பிடித்தார். செபநாயகம் விடவில்லை. இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் ஒரு கானை இழுத்துக்கொண்டு நிற்பதை வேலியோரச் சனம் ஆவலோடு பார்த்தது. மூடி கழன்று கறுப்பு தெறித்து, வெள்ளை முழுக்கைச் சட்டையில் பட்டது.

“ஊத்தாதையுங்கோ ஐயா! பட்டுப்போம்!” என்று கத்தினார் ஆழ்வாப்பிள்ளை.

“மிளகாய் பட்டுப்போகேல்லையே?”

“மிளகாயும் பட்டுப்போனதுதான் ஐயா. அந்தா, கிணத்தடியிலை நிக்குது. அதுதான் ஊத்தின துண்டு. பச்சையா நிக்கிறது ஒண்டும் ஊத்தாதது. பலகையை... நான்தான் மாத்தினனான்.”

சீவரத்தினம் சுருட்டை வாயிலிருந்து எடுக்கக் கையை உயர்த்தினார்.

“பொறுங்கோ அண்ணை, ஐயா கதைக்கப் போறார்” என்று செபநாயகம் அவரை அடக்கினார். கை இறங்கியது.

பணிப்பாளர் ஆழ்வாப்பிள்ளையை மேலிருந்து கீழாக, சட்டைக் கறை வரைக்கும் பார்த்தார்.

“யூரியா இல்லை, வெளிச்சம் இல்லை, சவர்க்காரம் இல்லை. பொய்க்கு மட்டும் இந்த ஊரிலை தட்டுப்பாடில்லை” என்றார். “ஹியூமிக் எண்ட சொல்லை இனி என்ரை கந்தோரிலை நான் கேக்கக் கூடாது. செபநாயகம், திங்கட்கிழமை நீர் மேலை வாரும். ஆழ்வாப்பிள்ளை, நீர் சைக்கிளுக்கு நல்ல ரயர் ரெண்டு தேடும். கனகாலம் ஓட வேண்டிவரும்.”

குணலட்சுமி தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்தபோது பணிப்பாளர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். செபநாயகம் மட்டும் ஒரு கோப்பையை எடுத்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஆறுதலாகக் குடித்தார். போகுமுன் ஆழ்வாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

“அண்ணை, அந்தக் கதிரைக்கு மெத்தை தைப்பிச்சு வைச்சிருக்கிறியளாம் எண்டு கேள்விப்பட்டன். வீணாப் போகாமல் அனுப்பிவிடுங்கோ.”

புகை கலைந்தது. சனமும் கலைந்தது. ‘ஆ’ துண்டு, அதாவது இப்போது ‘அ’ என்று பலகை நாட்டிய துண்டு, வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது.

“என்ன நடந்தது ஐயா? ஆரும் செத்தமாதிரி நிக்கிறியள்” என்றாள் குணலட்சுமி.

“விஞ்ஞானம் செத்திட்டுது அக்கா.” ஆழ்வாப்பிள்ளை கானைத் தூக்கினார். “உந்தக் கறுப்புத் தண்ணி ஒண்டுக்கும் உதவாது. எரு போச்சு, சாம்பல் போச்சு, என்ரை கதிரையும் போச்சு. உந்தக் கிடங்குக்குள்ளை கவிட்டு விடுறன்.”

கானைச் சரித்தார். சேறு படிந்த ஒரு கை வந்து அதன் வாயைப் பொத்தியது.

சீவரத்தினம் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். சாம்பலைத் தட்டினார். குணலட்சுமி ஏதோ நடக்கப்போகிறது என்று தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே வைத்தாள்.

“ஊத்தாதையுங்கோ ஐயா, எங்கடை கடைசிப் பாத்தியளுக்கு உது நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார் சீவரத்தினம். “மண்ணெண்ணெய் இடையிலை முடிஞ்சால் கிட்ட இருக்கிறதுக்கு வாளியாலையும் ஊத்தலாம் எண்டு நாங்கள் வழக்கமா எட்டத் துண்டுக்குத்தானே முதல் தண்ணி மாறுறனாங்கள்; நீங்கள் ஊத்தின கறுப்பிலை ஒரு சொட்டும் கிணத்தடித் துண்டுக்கு இண்டு வரைக்கும் போகேல்லை.”